ரைபிள் ஸ்கோப்: பெரிய எண்ணை விடுங்கள், சின்ன எண்ணைப் பாருங்கள்

அக்டோபர் மாதம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து மலைக்காடு. ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற சரிவு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருப்பதால் அங்குள்ள வேட்டைக்காரர்கள் இந்த மாதிரி இடத்தை ‘டார்க் டிம்பர்’ என்கிறார்கள். ஒருவர் மூன்று நாளாக எல்க் தேடி நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். (எல்க் என்றால் நம்மூர்க் கடமானுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வளர்ந்த ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், தோள் வரைக்குமே ஐந்தடி உயரம்.) திடீரென்று 30 கஜத்தில் கிளை முறிகிற சத்தம். ரைபிளைத் தூக்கி ஸ்கோப்பில் கண்ணை வைக்கிறார். கலங்கலாகப் பழுப்பு ரோமம் தெரிகிறது. ரோமம் மட்டும்தான். அது தோளா, வயிறா, பின்தொடையா, தெரியவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துகிறார், மரம். இடப்பக்கம் நகர்த்துகிறார், மறுபடி ரோமம்.

இப்போது அவருக்கு இரண்டே வழி. சுடாமல் விடலாம். அல்லது “இதுதான் தோளாக இருக்கும்” என்று நினைத்து விசையை அழுத்தலாம். இரண்டாவதைச் செய்து அது வயிறாக இருந்துவிட்டால், அந்த விலங்கு அங்கேயே விழாது. ஒரு மைல், இரண்டு மைல் ஓடி எங்கேயாவது படுத்து, பல மணி நேரம் கழித்துச் சாகும். பல சமயம் கிடைக்கவே கிடைக்காது.

அவருடைய ஸ்கோப்பில் கோளாறு ஏதுமில்லை. நல்ல விலை, நல்ல கண்ணாடி. ஆனால் அது 6-24. காலையில் புல்வெளி ஓரத்தில் நின்று தூரத்தைப் பார்த்தபோது 12-ல் வைத்தவர், காட்டுக்குள் நுழையும்போது திருப்ப மறந்துவிட்டார். கலங்கலுக்கும் காரணம் அதேதான். பக்கத்திலிருக்கும் குமிழ் 300 கஜத்துக்குத் திருப்பியபடியே இருந்தது.

பெரிய விலங்கு வேட்டைக்கு ஸ்கோப் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெட்டியில் இருக்கும் இரண்டு எண்களில் தப்பான எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பெரிய எண் கனவுக்கு. சின்ன எண்தான் காட்டுக்கு.

சம்பந்தமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டையின் கதை ஏறக்குறைய முடிந்தது, மீதமிருந்த ஓட்டைகளை 1991 திருத்தம் அடைத்தது. ஆகவே இது அமெரிக்கர்களின் பிரச்சினை, ஐரோப்பியர்களின் பிரச்சினை, காசு கட்டி ஆப்பிரிக்கா போகிறவர்களின் பிரச்சினை. ஆனால் கேமரா, மொபைல், பைக் என்று எதை வாங்கும்போதும் பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்குகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே மயங்கினால் விலை கொடுப்பது வாங்கியவர் அல்ல என்பதுதான் வித்தியாசம்.

முதலில் எண்களைப் புரிந்துகொள்ளலாம். 3-9×40 என்று எழுதியிருந்தால், வளையத்தைத் திருப்பி 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம், முன் லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று அர்த்தம். இந்த வகைக்குத்தான் ‘வேரியபிள் பவர்’ என்று பெயர். ஒரே பவரில் நிற்பது ‘ஃபிக்ஸட்’.

பவர் கூடும்போது பார்வைப் பரப்பு குறையும். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. ஒரு சாதாரண 3-9 ஸ்கோப்பில் 3-ல் வைத்துப் பார்த்தால் 100 கஜத்தில் சுமார் 33 அடி அகலம் தெரியும். 9-ல் வைத்தால் 14 அடிக்குப் பக்கம். 6-24 என்றால் அதன் மிகக் குறைந்த பவரிலேயே 17 அடி அளவுதான். 1-4 ஸ்கோப்பை 1-ல் வைத்தால் 100 அடி அளவுக்கு வரும்.

100 கஜத்தில் 17 அடி என்றால் தாராளம்தானே என்று தோன்றும். காட்டுக்குள் 100 கஜம் என்பதே தூரம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். 30 கஜத்தில் அந்த 17 அடி ஐந்தடியாகச் சுருங்கும். ஆண் எல்க் மூக்கிலிருந்து வால் வரை சுமார் எட்டடி. அதாவது அந்த 6-24 ஸ்கோப்பை முழுக்கக் குறைத்து வைத்தாலும் முழு விலங்கு உள்ளே அடங்காது. நம் ஆள் வைத்திருந்த 12-ல் இரண்டரை அடி வட்டம் கிடைத்திருக்கும். கூரை வேய்கிற இடத்தில் சாவித் துவாரம் வழியாக யானையைப் பார்ப்பது போல. அதே 30 கஜத்தில் 3-9-ஐ 3-ல் வைத்தவருக்குப் பத்தடி வட்டம். தலை எந்தப் பக்கம், தோள் எங்கே, நடுவில் மரம் இருக்கிறதா, பின்னால் இன்னொரு எல்க் நிற்கிறதா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

குறி வைக்க வேண்டிய இடம், அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கிற மார்புப் பகுதி, எல்க்குக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அந்தத் தட்டை 200 கஜத்தில் அடிக்க 4 பவர் போதும். இது காலேஜ் பையன் கணக்கு இல்லை. ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் பல வருடம் துப்பாக்கிப் பகுதியை நடத்திய ஜாக் ஓ’கானர் .270 வின்செஸ்டர் தோட்டாவைப் பிரபலப்படுத்தியவர். மலை ஆடு தேடி உலகமெல்லாம் சுற்றிய அவருடைய பிரபலமான ரைபிளில் இருந்தது 4 பவர் ஃபிக்ஸட் ஸ்கோப். மலை ஆடு என்றால் மொட்டை மலை, தூரத்துக் குறி. அதற்கே 4.

பிறகு ஏன் இன்று கடையில் 4-16, 6-24 என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள்?

இங்கேதான் வணிகவியல் உள்ளே வருகிறது. ஒரு ஸ்கோப்பில் வேட்டைக்கு உண்மையிலேயே தேவையான விஷயங்களைப் பட்டியல் போட்டால் குறைந்த பவரில் பார்வைப் பரப்பு, மங்கிய வெளிச்சத்தில் தெளிவு, கண்ணுக்கும் பின்பக்க லென்ஸுக்கும் இடைவெளி, ரைபிள் ஒரு தடவை கீழே விழுந்தாலும் குறி மாறாத உள்கட்டுமானம் என்று போகும். இதில் எதையும் கடை மேஜையில் வைத்து நிரூபிக்க முடியாது. பவரை நிரூபிக்கலாம். எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டலாம். வாங்குகிறவர் நிற்பது ட்யூப்லைட் வெளிச்சத்தில், முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல். அந்த நிலைமையில் 24 நிச்சயம் 4-ஐ ஜெயிக்கும். காட்டில் அந்த நிலைமை வரவே வராது.

அளக்க முடிகிற குணத்துக்குத்தான் விலை வைக்க முடியும். அதனால் தயாரிப்பாளரும் அதையே வளர்க்கிறார். இதில் அவரைத் திட்டிப் பயனில்லை, கேட்பதைத்தான் கொடுக்கிறார். விலை குறைந்த ஸ்கோப்பில் பவரைக் கூட்டுவது ரொம்பச் சுலபம், கூட்டிய பவரில் படம் தெளிவாக இருக்கச் செய்வதுதான் கஷ்டம். 24 என்று எழுதிய மலிவு ஸ்கோப்பில் 14-க்கு மேல் எல்லாம் பனிமூட்டம் என்று சொல்கிற ஆட்கள் ஏராளம்.

கண்ணாடிக்குக் கொடுக்கிற காசு எங்கே போகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் எட்டு லென்ஸ் இருந்தால் பதினாறு பரப்பு. 4 சதவீதம்தானே என்று விட முடியாது, கூட்டு வட்டி மாதிரி பெருக்கிக்கொண்டே போனால் உள்ளே வந்த வெளிச்சத்தில் பாதிதான் கண்ணுக்கு வந்து சேரும். ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-ல் ஒளி திரும்பாமல் தடுக்கும் பூச்சுக்கு வழி கண்டுபிடித்தார். இன்று நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால் ஒரு பரப்புக்கு அரை சதவீதம் கூட வீணாவதில்லை. அதே பதினாறு பரப்பைத் தாண்டி 92 சதவீதம் வந்துவிடும். காசு போக வேண்டிய இடம் இது. ஒரே விலையில் நல்ல பூச்சுள்ள 2-7 ஒன்றும், சுமாரான 6-24 ஒன்றும் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை.

வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், விலங்குகள் நடமாடுவது விடிகாலையிலும் அந்தியிலும்தான். கொலராடோவில் பெரிய விலங்குகளைச் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்த அரை மணி பின்பு வரை சுடலாம் என்று சட்டம். அந்த இரண்டு அரை மணி நேரத்தில்தான் ஸ்கோப்பின் சாயம் வெளுக்கும். முன் லென்ஸ் விட்டத்தைப் பவரால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம். இருட்டில் இளவயதுக்காரர் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்கு 5 பக்கம் நின்றுவிடும். 7 மி.மீ. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு 2 மி.மீ. வெளிச்சம் அனுப்பினால் இருட்டாகத்தான் தெரியும். அதே ஸ்கோப்பை 6-க்கு இறக்கினால் கண்மணி நிரம்பிவிடும். அதாவது அந்தி நேரத்தில் எல்லோரும் கடைசியில் வந்து சேர்கிற இடம் 5, 6 பவர்தான். 24-க்குக் கொடுத்த காசு அப்போது பையில் தூங்கும்.

(ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் 8×56 என்று ஒரு குண்டு ஸ்கோப் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 56-ஐ 8-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 7! அவர்கள் பரண் மேல் உட்கார்ந்து, ரைபிளைக் கட்டை மேல் வைத்து, நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கிறவர்கள். நடக்க வேண்டியதில்லை, அவசரமாகத் தூக்க வேண்டியதில்லை, எடை கூட இருந்தால் பரவாயில்லை. அவர்களுக்கு அது மிகச் சரியான கருவி. கொலராடோ சரிவில் பத்து மைல் நடப்பவர் அதை மாட்டினால் மூன்றாம் நாள் கழற்றி எறிந்துவிடுவார்.)

பெரிய பவருக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, கேட்கிறபோது நியாயமாகவே இருக்கும். கொலராடோவில் பல பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமென்றால் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது புருவத்துக்கு மேல் கிளம்பும் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். தூரத்தில் நின்று இதை எண்ண 16, 20 பவர் வேண்டாமா என்கிறார்கள். எண்ணத்தான் வேண்டும். ஆனால் பைனாகுலரால் எண்ண வேண்டும். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ துப்பாக்கிக் குழலும் அங்கேயே பார்க்கிறது. “அங்கே ஏதோ அசைகிறதே, என்னவென்று பார்ப்போம்” என்று ஸ்கோப்பைத் தூக்குகிறவர், அசைந்தது இன்னொரு மனிதனாக இருந்தால் குண்டு நிரப்பிய ரைபிளை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறார் என்று பொருள். ரைபிள் பருவத்தில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ ரோஸோ உடம்பில் இருக்க வேண்டும் என்று அதே மாநிலம் விதி வைத்திருப்பது சும்மா அழகுக்கு இல்லை. 20 பவர் ஸ்கோப்பை விற்கும்போது கூடவே இந்தக் கெட்ட பழக்கத்தையும் இலவசமாகச் சேர்த்து விற்கிறார்கள் என்பது கொஞ்சம் கடுமையான கருத்துதான், ஆனால் தவறில்லை.

அடுத்த வாதம் தூரம். 600 கஜத்தில் சுட வேண்டாமா? இதற்கு ஒரு எதிர்க்கேள்வி: 600 கஜத்தில் தடையாக இருப்பது பவர்தானா? குண்டு அவ்வளவு தூரம் போய்ச் சேர முக்கால் நொடிக்குப் பக்கம் ஆகும். அதற்குள் எல்க் ஒரு அடி எடுத்து வைத்தால் நுரையீரலுக்குக் குறி வைத்தது வயிற்றில் இறங்கும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று சாதாரண வேட்டைக் குண்டை அந்தத் தூரத்தில் இரண்டடி ஒதுக்கிவிடும். இரண்டையும் எந்த லென்ஸும் தீர்க்காது. விலங்கைப் பெரிதாகக் காட்டுவதால் அது பக்கத்தில் இருப்பது போல ஒரு தைரியத்தை மட்டும் கொடுக்கும். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

கை நடுக்கமும் அப்படித்தான். பவரைக் கூட்டினால் நடுக்கம் கூடுவதில்லை, கண்ணுக்குத் தெரிவதுதான் கூடுகிறது. 4-ல் அமைதியாக நின்ற குறுக்குக் கோடு 16-ல் பரதநாட்டியம் ஆடும். அதைப் பார்த்துப் பதறிய புது ஆள், கோடு சரியான இடத்தைக் கடக்கிற நொடியில் விசையைச் சட்டென்று இழுப்பார். மூச்சு வாங்க மேடேறி வந்தவருக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆப்பிரிக்கா பக்கம் போனால் விஷயம் இன்னும் சீரியஸ். அங்கே காட்டெருமை வேட்டை 100 கஜத்துக்குள் நடக்கிற வேலை, பெரும்பாலும் அதற்கும் கிட்டத்தில். பல நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 அளவுதான் குறைந்தபட்சம். 1912-ல் வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம் இன்றும் அங்கே ராஜா. அந்தத் தோட்டாவின் பின்னுதைப்பு .30-06-ஐப் போல் இரண்டு மடங்கு இருக்கும். ஸ்கோப்பின் பின்விளிம்பு கண்ணுக்கு மிக அருகே இருந்தால் சுட்டவுடன் புருவத்தில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு விழும். ‘மேக்னம் புருவம்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். அதிகப் பவர் ஸ்கோப்புகள் பலவற்றில், பவரைக் கூட்டக் கூட்டக் கண் வைக்க வேண்டிய தூரம் குறைந்துகொண்டே வரும். கனமான ரைபிளுக்கு நாலு அங்குலத்துக்குப் பக்கம் இடைவெளி இல்லாத ஸ்கோப்பை வாங்குவது நெற்றிக்கு நல்லதில்லை :-)

ஆனால் அங்கே புருவம் சின்ன விஷயம். காயம்பட்ட எருமை அடர்ந்த புதருக்குள் போய்விட்டால், பின்னால் தேடிப் போகிறவர்கள் யார்? தடம் பார்க்கிற உள்ளூர்க்காரரும் தொழில்முறை வேட்டை வழிகாட்டியும்தான். தடம் பார்க்கிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். பத்து கஜத்தில் திரும்பி வருகிற எருமைக்கு முதலில் கிடைப்பது அவர். டாலரில் பணம் கட்டி வந்தவர் 9-ல் வைத்து மறந்த ஸ்கோப்புக்கான விலை, அன்றாடக் கூலிக்கு நடக்கிற ஒருவர் உடம்பிலிருந்து வசூலாகிறது. இதனால்தான் அனுபவசாலிகள் 1-4, 1.5-5, 1-6 ஸ்கோப்பையும், நொடியில் கழற்றக்கூடிய மவுண்ட்டையும் சொல்கிறார்கள். புதருக்குள் போகும்போது ஸ்கோப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறும் இரும்புக் குறியோடு போய்விடலாம். 1 பவர் என்றால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கலாம், பக்கவாட்டில் நடப்பதும் தெரியும்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருக்கிறது: ரத்தம் சிந்தினால் காசு. விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காயம்பட்டதற்கு அடையாளம் இருந்தால் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். தவறின் செலவைத் தவறு செய்தவர் கணக்கிலேயே எழுதுகிற இந்த ஏற்பாடு ரொம்ப நல்ல ஏற்பாடு. இப்படி ஒன்று அமெரிக்காவில் இருந்திருந்தால் 6-24 விற்பனை கொஞ்சம் படுத்திருக்குமோ என்னவோ.

ஸ்கோப்பே இல்லாமல் வேட்டையாடவில்லையா என்றால், ஆடினார்கள். ஜவளகிரிப் புலியைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரிக் காடுகளில் சுமந்தது .405 வின்செஸ்டர், வெறும் இரும்புக் குறி. அவர் சுட்ட தூரத்துக்கு அது போதும். ஆனால் இரும்புக் குறியில் பின் குறி, முன் குறி, விலங்கு என்று மூன்று தூரத்தில் இருப்பவற்றை ஒரே கண் சமாளிக்க வேண்டும். நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது முடியாது. ஸ்கோப் இந்த மூன்றையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அதன் பெரிய உதவியே இதுதான், பெரிதாக்கிக் காட்டுவது இரண்டாம்பட்சம். அந்த முதல் உதவி 1 பவரிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது.

குறுக்குக் கோட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேரியபிள் ஸ்கோப்பில் இதுதான் யாரும் எச்சரிக்காத குழி. அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் இரண்டாம் குவியத் தள வகை. பவரை மாற்றினாலும் கோடுகள் ஒரே தடிமனாகத் தெரியும். 1962-ல் லியூபோல்ட் கொண்டுவந்த ‘டூப்ளெக்ஸ்’ கோடு, அதாவது வெளியே தடிமன், நடுவில் மெல்லிசு, இந்த வகைக்கு அருமையாகப் பொருந்தும். மங்கிய வெளிச்சத்தில் தடிக் கோடுகளே கண்ணை நடுவுக்குக் கூட்டி வந்துவிடும். பிரச்சினை, தூரத்துக்கு ஏற்ற கூடுதல் கோடுகள் போட்ட ஸ்கோப்பில் வருகிறது. அந்தக் கோடுகள் ஒரே ஒரு பவரில்தான் உண்மை பேசும், வழக்கமாக உச்ச பவரில். 200 கஜத்துக்குக் குறி அமைத்த .30-06 குண்டு 300 கஜத்தில் சுமார் 9 அங்குலம் கீழே இறங்கும், அதற்கென்று ஒரு கோடு. 9 பவரில் அது 9 அங்குலத்தைக் குறிக்கும். வளையம் 4.5-ல் நின்றால் அதே கோடு 18 அங்குலத்தைக் குறிக்கும். மார்பு நடுவில் வைத்தது 9 அங்குலம் மேலே போய் முதுகெலும்புப் பக்கம் படும். முதல் குவியத் தள ஸ்கோப்பில் இந்தத் தொல்லை இல்லை, கோடும் சேர்ந்தே பெரிதாகும். ஐரோப்பியர்கள் ரொம்ப நாள் இதைத்தான் விரும்பினார்கள். ஆனால் 6-24 மாதிரி ஸ்கோப்பில் குறைந்த பவருக்கு இறக்கினால் கோடு தலைமுடி மாதிரி மெலிந்து இருட்டுக் காட்டில் காணாமலே போய்விடும். பெரிய விலங்குக்கு இரண்டாம் தளமும் சாதா டூப்ளெக்ஸ் மாதிரிக் கோடும் போதும், 300 கஜத்துக்குள் எந்த எண்ணும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்பது கடைக்காரர் கதை. அது குறியை மேலே கீழே நகர்த்த அதிக இடம் தருமே தவிர, வெளிச்சத்தை முன் லென்ஸும் பூச்சும்தான் தீர்மானிக்கின்றன. பெரிய முன் லென்ஸுக்கு உயரமான வளையம் வேண்டும், உயரமாக மாட்டினால் கன்னம் கட்டையில் படியாது, கன்னம் படியாவிட்டால் அவசரத்தில் கண் சரியான இடத்துக்கு வராது. இதை மட்டும் கடையிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு திறந்தால் முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் வாங்கக் கூடாது.

பெரிய பவர் எங்குமே வேண்டாம் என்று சொன்னால் அது பொய். வயோமிங் சமவெளியில் பிராங்ஹார்ன் தேடுகிறவருக்கு ஒளிய மரமே கிடையாது, விலங்கும் சின்னது. அவருக்கு 4-12 நியாயமான தேர்வுதான். சுடுதளத்தில் காகிதத்தைக் குறிபார்க்கிறவருக்கு 24-உம் சரி. ஆனால் எல்க், மூஸ், கரடி, எருமை என்று வரும்போது விலங்கு பெரிது, இடம் அடர்த்தி, அவகாசம் மூன்று நொடி. அவர்களுக்கு .30-06, .308 வகை ரைபிளில் 2-7 அல்லது 3-9, ஸூம் விகிதம் ஆறு மடங்காக இருக்கிற விலை கூடிய வகைக்குக் காசு இருந்தால் 2-12. .375-க்கும் அதற்கு மேலும் 1-4 அல்லது 1.5-5. 3-9 பழசாகிவிட்டது, தாத்தா காலத்து ஸ்கோப் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. இருநூறு டாலருக்கும் கிடைக்கிறது, அதைப் போல் பல மடங்குக்கும் கிடைக்கிறது. இத்தனை வருடம் அது சந்தையிலிருந்து போகாததற்கு அடிமட்டத்தில் இருக்கிற அந்த 3-தான் காரணம், உச்சியிலிருக்கிற 9 அல்ல.

ரைபிளுக்குக் கொடுத்த அளவு காசு ஸ்கோப்புக்கும் கொடு என்று ஒரு பழைய வழக்கு அவர்களிடம் உண்டு. பாதி சரி. கொடுத்த காசில் ஒரு பங்கைத் தோட்டாவுக்கு ஒதுக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து இல்லாமல், நின்றும் மண்டியிட்டும், மேடேறி மூச்சிரைத்தபடியும் நூறு குண்டு சுட்டுப் பழகிய ஆள் சாதாரண 3-9 வைத்திருந்தாலும், பெட்டியைப் பிரித்த கையோடு மலைக்கு வந்த 6-24 ஆளை விடச் சுத்தமாகக் கொல்வார். முடிந்தால் கடைக்குச் சாயங்காலம் போக வேண்டும். விளக்குப் போட்ட பிறகு, ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எதிரே இருட்டிக்கொண்டிருக்கும் மரத்தடியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் விடுவார்கள். பார்க்கும்போது வளையம் கடைசி வரை கீழே திருப்பியிருக்கட்டும்.